தண்டர் மறுபடியும் ஜெயிக்குமா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2025-26 சீசன் 2025 அக்டோபர் 21 அன்று தொடங்குகிறது, அதற்கு முன் எழுதிய பதில்கள் இவை. அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை போன சீசனின் சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ளுமா என்பதையே வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்கு.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். 2026-ல் தண்டர் மறுபடி சாம்பியன் ஆகுமா, ஆகாதா?

ஆகாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதற்காக "அப்படியானால் வேறு யார்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள், வேறு எந்த அணியின் பெயரைச் சொன்னாலும் அதைவிட தண்டருக்கு வாய்ப்பு கூடுதல்தான். என் கணக்கில் தண்டருக்கு 100-க்கு 35. நிகோலா யோகிச் இருக்கும் டென்வர் நகெட்ஸுக்கு 15. மீதி 50-ஐ மற்ற 28 அணிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அவற்றில் பாதிக்குக் கிடைக்கப் போவது பூஜ்யம்தான்.

35 என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. முப்பது அணிகள் ஆடும் லீகில், இன்னும் ஒரு பந்துகூட கூடைக்குள் விழாத நேரத்தில், ஒரே அணிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்கிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. டிவியில் "இவர்கள்தான், சந்தேகமே வேண்டாம்" என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் அந்த நிச்சயம் எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): போன சீசனில் 82 ஆட்டங்களில் 68 வெற்றி. ஃபைனலில் இண்டியானா பேசர்ஸையும் ஜெயித்துவிட்டார்கள். முக்கிய வீரர்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். இவ்வளவு பலமான அணிக்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு இல்லை என்றால் எப்படி? நான் கணிதம் படிக்கிறேன், விளக்கமாகவே சொல்லலாம்.

கணிதம் படிக்கிறவரா, சரி, எண்களோடே பேசிவிடலாம். 82-க்கு 68 என்பது 83 சதவீதம். ஆனால் அந்த 82 ஆட்டங்களில், மொத்த சீசனிலும் 17 வெற்றி மட்டுமே பெற்ற யூட்டாவும் 18 பெற்ற வாஷிங்டனும் அடக்கம். சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் அப்படிப்பட்ட அணிகள் எதிரே வருவதில்லை. அங்கே தண்டரின் கணக்கு 16 வெற்றி, 7 தோல்வி, 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெம்பிஸை நான்கே ஆட்டத்தில் வழியனுப்பினார்கள், மினசோட்டாவை ஐந்தில். டென்வரோடும் பேசர்ஸோடும் ஏழாவது ஆட்டம் வரை போக வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஏழாவது ஆட்டங்களில் ஒன்று கை நழுவியிருந்தால்கூட இன்று நாம் வேறு அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இப்போது கணக்கு. ஓர் ஆட்டத்தை ஜெயிக்க 65 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு, ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்க 80 சதவீத வாய்ப்பு. ஓர் ஆட்டத்துக்கு 60 என்றால் தொடருக்கு 71. 55 என்றால் 61. ஆட்டங்கள் கூடக் கூட நல்ல அணியின் கை ஓங்குகிறது என்பது இதிலேயே தெரிகிறது. 2023 உலகக் கோப்பையில் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்த இந்தியா, அகமதாபாத்தில் ஒரே ஒரு நாள் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது. என்.பி.ஏ.வில் ஒரு மோசமான நாளுக்கு அவ்வளவு பெரிய தண்டனை இல்லை, அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் தொடர் ஒன்றல்ல, நான்கு. நான்கிலும் 80 சதவீதம் என்று வைத்துப் பெருக்கினால் 41 வரும். முதல் சுற்று சுலபம் என்று அதற்கு 95 போட்டு, அடுத்ததற்கு 85, கடைசி இரண்டுக்கும் தலா 75 போட்டாலும் 45-க்குப் பக்கம்தான் வரும். அந்த 45 கூட எல்லோரும் முழு உடம்போடு ஏப்ரலுக்கு வந்து சேர்ந்தால்தான். காயம், களைப்பு என்று பத்து கழித்தேன், 35 ஆயிற்று. கழிக்க வேண்டியது பத்தா, எட்டா, பன்னிரண்டா என்று என்னோடு சண்டை போடலாம். 70 என்று சொல்கிறவரோடு சண்டை போட எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி (மதுரை வாசகர்): ஓர் அணி உண்மையிலேயே பலமானதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஓர் எண்ணைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்? வெற்றிகளின் எண்ணிக்கை போதாதா?

வெற்றிகளைப் பார்க்க மாட்டேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதைத்தான் பார்ப்பேன். ஒரு புள்ளியில் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் வளையத்தைச் சுற்றி வெளியே வந்த ஒரு பந்துதான். இருபது புள்ளியில் ஜெயிப்பதில் அந்த மாதிரி அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. அதனால் ஒரு வருடத்தின் புள்ளி வித்தியாசம், அந்த வருடத்தின் வெற்றிக் கணக்கைவிட நம்பகமான சாட்சி.

தண்டர் போன சீசனில் ஆட்டத்துக்கு 12.9 புள்ளி கூடுதலாக எடுத்தது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அதற்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது 1971-72 லேக்கர்ஸ் (12.3), தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்ததே, அந்த அணி. அதை ஒட்டியே மைக்கேல் ஜோர்டனின் 1995-96 புல்ஸும் (12.2) இருந்தது. மூன்றுமே கோப்பையை வாங்கின. 73 ஆட்டம் ஜெயித்து என்.பி.ஏ. சாதனை படைத்த 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் வித்தியாசம் 11-ஐத் தொடவில்லை. அவர்கள் ஃபைனலில் 3-1 என்று முன்னிலை பெற்று, ஐந்தாவது ஆட்டத்துக்கு முக்கிய வீரர் டிரேமண்ட் கிரீன் தடை செய்யப்பட்டு, கடைசியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்டிடம் 4-3 என்று தோற்றார்கள். 73 என்ற எண்ணைப் பார்த்தவர்களுக்கு அது நம்ப முடியாத அதிர்ச்சி. புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தவர்களுக்கும் அதிர்ச்சிதான், ஆனால் கொஞ்சம் குறைச்சலான அதிர்ச்சி.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. லீகின் முப்பது அணிகளும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு. போன சீசனில் கிழக்குப் பிரிவு அணிகளோடு மோதிய 30 ஆட்டங்களில் தண்டர் 29-ஐ ஜெயித்தது, கிளீவ்லேண்டிடம் மட்டும் ஒரு தோல்வி. அதே கிழக்கிலிருந்து நான்காவது இடத்தில் பிளேஆஃபுக்குள் வந்த பேசர்ஸ், ஃபைனலின் முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்டன் போட்ட பந்தில் 111-110 என்று ஜெயித்து, தொடரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. வழக்கமான சீசனில் எல்லா அணிகளையும் ஒரே மாதிரி ஆடி ஜெயிக்கலாம். பிளேஆஃபில் ஒரே எதிரணி இரண்டு வாரம் உட்கார்ந்து உங்களைப் படிக்கிறது. உங்களுக்கு எது வராது என்று கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது.

2007-ல் 67 ஆட்டம் ஜெயித்த டல்லஸ், எட்டாவது இடத்தில் உள்ளே வந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே 4-2 என்று தோற்றது இப்படித்தான். அந்த கோல்டன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் டான் நெல்சன், அதற்கு இரண்டு வருடம் முன்பு வரை டல்லஸின் பயிற்சியாளர். எதிராளியின் வீட்டுக்குள் வருடக்கணக்கில் இருந்தவர், எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

கேள்வி (சென்னை, பள்ளி அணிப் பயிற்சியாளர்): "20 தோல்விக்கு முன் 40 வெற்றி" என்ற விதியைப் பற்றிச் சொல்லுங்கள்.

புல்ஸ், லேக்கர்ஸ் இரண்டு அணிகளிலும் சேர்த்து 11 கோப்பை வாங்கிய பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் சொன்ன அளவுகோல் அது. சீசனில் 20-வது தோல்வி வருவதற்குள் 40 வெற்றி சேர்க்கிற அணிதான் கோப்பைக்கு ஆடத் தகுதியான அணி என்பார். 1980-லிருந்து பார்த்தால், அது இல்லாமலே கோப்பை வாங்கிய விலக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு அந்த விதியைவிட விலக்குகளில் மூன்றுதான் சுவாரசியம். 1995 ஹூஸ்டன் ராக்கெட்ஸ், பிப்ரவரியில் கிளைட் டிரெக்ஸ்லரை வாங்கி வந்தது. 2004 டெட்ராய்ட், அதே பிப்ரவரியில் ரஷீத் வாலஸை. 2006-ல் ஜெயித்த மயாமியில் 2005 டிசம்பரில் பயிற்சியாளரே மாறினார், அணியின் நிர்வாகி பேட் ரைலி தானே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று அணிகளுமே சீசன் நடுவில் வேறு அணிகளாக மாறியவை. பழைய அணியின் தோல்விகளைப் புது அணியின் தலையில் கட்டினால் விதி பொய்க்கத்தானே செய்யும். அந்த ராக்கெட்ஸ் 47 வெற்றியோடு மேற்கில் ஆறாவதாக உள்ளே வந்து, 57-க்கும் குறையாத வெற்றி பெற்ற நான்கு அணிகளை வரிசையாகத் தோற்கடித்தது. ஆறாவது இடத்திலிருந்து வந்து கோப்பை வாங்கிய அணி இன்று வரை அது ஒன்றுதான்.

ஆகவே விதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிப்ரவரியில் வீரர் பரிமாற்றக் கெடு முடிந்ததும் ஒருமுறை கணக்கைப் புதுசாகப் போடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): ஐயா, கடந்த ஏழு வருசத்தில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். ஒருவரும் திரும்ப வெல்லவில்லை. இது ஏதும் சாபமோ? தண்டருக்கும் அதே கதிதானோ?

சாபம் எல்லாம் இல்லை, ஆனால் நீங்கள் பிடித்த இடம் சரி. 2019 டொரன்டோ, 2020 லேக்கர்ஸ், 2021 மில்வாக்கி, 2022 வாரியர்ஸ், 2023 டென்வர், 2024 பாஸ்டன், 2025 தண்டர். கடைசியாகக் கோப்பையைத் தக்கவைத்தது 2018-ல் வாரியர்ஸ். அதைவிட ஆச்சரியம், 2019 முதல் 2024 வரையிலான ஆறு சாம்பியன்களில் ஓர் அணிகூட அடுத்த வருடம் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. ஃபைனலை விடுங்கள், அரையிறுதிக்கே வரவில்லை.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சாம்பியனுக்கும் அடுத்த வருடம் ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்தாலும், தொடர்ந்து ஏழு முறை தவறுவதற்கு 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அடிக்கடி நடக்காது, நடக்கவே நடக்காது என்றும் இல்லை. ஒவ்வொரு தோல்வியையும் தனியாக எடுத்தால் மர்மம் எதுவும் மிஞ்சாது. டொரன்டோவை விட்டு காவாய் லெனர்ட் போய்விட்டார். லேக்கர்ஸுக்கு ஆந்தனி டேவிஸ் காயம். மில்வாக்கிக்கு கிறிஸ் மிடில்டன் காயம். டென்வர், மினசோட்டாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 20 புள்ளி முன்னிலையை விட்டுக்கொடுத்தது. பாஸ்டன், நியூயார்க் நிக்ஸிடம் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் நான்காவது ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்திருந்த ஜேசன் டேட்டமின் குதிகால் அக்கிலீஸ் தசைநார் அறுந்தது.

பட்டியலைப் பார்த்தீர்கள் என்றால் திரும்பத் திரும்ப வருவது காயமும், ஆட்கள் போய்விடுவதும். இதில் இரண்டாவது தண்டருக்கு இந்த வருடம் இல்லை, ஃபைனலில் முக்கியமாக ஆடிய எல்லோரையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் மற்ற சாம்பியன்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய 20, 25-ஐ விட்டு 35-க்கு ஏறினேன்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): 2019-ல் எங்கட டொரன்டோ ராப்டர்ஸ் வென்றதை "வாரியர்ஸ் காயத்தால் கிடைத்த கோப்பை" என்று இங்கே சிலர் சொல்லும்போது பற்றிக்கொண்டு வருகிறது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? எங்களுக்கு இனி எப்போது?

கெவின் டுராண்ட் ஐந்தாவது ஆட்டத்தில் விழுந்தார், கிளே தாம்சன் ஆறாவதில். இருவரும் நலமாக இருந்திருந்தால் வாரியர்ஸுக்குத்தான் வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வாதத்தைத் தொடங்கினால் எந்தக் கோப்பையும் மிஞ்சாது. 2015-ல் வாரியர்ஸ் ஜெயித்தபோது எதிரே கிளீவ்லேண்டில் கெவின் லவ் இல்லை, கைரி இர்விங்கும் முதல் ஆட்டத்தோடு சரி. இந்த வருடம் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்டன் முதல் ஏழு நிமிடத்தில் 9 புள்ளி எடுத்துவிட்டு அக்கிலீஸ் அறுந்து தரையில் கிடந்தார். அப்படியும் பேசர்ஸ் பாதி ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தது, கடைசியில் 103-91 என்று தோற்றது. தண்டரின் கோப்பையை யாராவது திருப்பிக் கேட்டார்களா?

ராப்டர்ஸைப் பற்றி நான் மெச்சுவது வேறு விஷயம். 2018 கோடையில், ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய டிமார் டிரோஸனைக் கொடுத்து, ஒரே ஒரு வருட ஒப்பந்தம் மிச்சமிருந்த, முந்தைய சீசனில் 9 ஆட்டம் மட்டுமே ஆடிய காவாயை வாங்கினார்கள். 82-ல் 60 ஆட்டம் மட்டும் ஆட வைத்து, மீதியில் ஓய்வு கொடுத்து, பிளேஆஃபுக்கென்றே அவரைப் பத்திரப்படுத்தினார்கள். வழக்கமான சீசனில் சில வெற்றிகளை விட்டுக்கொடுத்து ஜூன் மாதத்தை வாங்கினார்கள் என்று சொல்லலாம். அப்படியும் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஷாட், வளையத்தில் நான்கு முறை குதித்துவிட்டுத்தான் உள்ளே விழுந்தது. ஐந்தாவது முறை வெளியே குதித்திருந்தால், எக்ஸ்ட்ரா டைம், அப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் ராப்டர்ஸுக்கு வாய்ப்பு? போன சீசனில் 30 வெற்றி, 52 தோல்வி. இல்லை. வேண்டுமானால் இப்படி ஆறுதல் அடையலாம்: தண்டரின் நாயகன் ஷை கில்ஜியஸ்-அலெக்சாண்டர் டொரன்டோவில் பிறந்து ஹாமில்டனில் வளர்ந்தவர். போன சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவர், லீகின் சிறந்த வீரர், ஃபைனலின் சிறந்த வீரர், மூன்றும் அவரே. உங்கள் ஊர்ப் பிள்ளை என்று உரிமையோடு கைதட்டலாம்.

கேள்வி (சேலம் வாசகர்): பெரிய ஸ்டார் இல்லாமல் கோப்பை வாங்க முடியுமா?

2004 டெட்ராய்ட் வாங்கியது. கோபி, ஷாக், மலோன், பேட்டன் என்று நான்கு பெரிய பெயர்கள் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று அடித்தார்கள். இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக எல்லோரும் அதே ஓர் உதாரணத்தையே சொல்கிறார்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி (பெங்களூரு, ஐ.டி. ஊழியர்): மூணு பாயிண்ட் ஷாட்டை நம்பி ஆடும் அணிகளால் கோப்பை வாங்க முடியாது என்று அலுவலக நண்பர் சாதிக்கிறார். 2018 ஹூஸ்டனைக் காட்டுகிறார்.

ஹூஸ்டன் அந்த வருடம் 65 வெற்றி. மேற்குப் பிரிவு ஃபைனலில் வாரியர்ஸுக்கு எதிராக 3-2 முன்னிலை. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டது, அதன் பிறகு அவர் அந்தத் தொடரில் ஆடவில்லை. ஏழாவது ஆட்டத்தில் 44 மூணு பாயிண்ட் ஷாட் போட்டு 7 மட்டுமே உள்ளே போனது, நடுவில் தொடர்ந்து 27 தவறியது. உங்கள் நண்பர் இந்த 27-ஐ மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்.

தூரத்திலிருந்து எறிவதில் ஏற்ற இறக்கம் அதிகம், அது உண்மை. ஆனால் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். பலவீனமான அணிக்கு அது ஒரு வரம், பலமான அணியை ஒரு நாள் கவிழ்க்க அதுதான் வழி. பலமான அணிக்கு அது ஒரு தலைவலி. இருந்தாலும் 2024-ல் பாஸ்டன் மூணு பாயிண்டை மழையாகப் பொழிந்துதான் பிளேஆஃபில் 16-3 என்ற கணக்கில் கோப்பை வாங்கியது. என் பார்வையில், எறிகிற அணிதானா என்பதைவிட, எறிந்தது விழாத நாளில் ஜெயிக்க வேறு வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தண்டருக்கு இருக்கிறது: தடுப்பாட்டம். போன சீசனில் லீகிலேயே சிறந்த தடுப்பாட்டம் அவர்களுடையது. லூ டோர்ட், அலெக்ஸ் கரூஸோ, கேசன் வாலஸ் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். ஷாட் விழாத நாள் உண்டு, கால் ஓடாத நாள் இளைஞர்களுக்குக் குறைவு. 1977 போர்ட்லேண்டுக்குப் பிறகு இவ்வளவு இளமையான சாம்பியன் வந்ததில்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): பந்தய நிறுவனங்கள் போடும் விகிதத்தைப் பார்த்தால் வாய்ப்பு தெரிந்துவிடுமே? அதை வைத்துக் கொஞ்சம் காசும் பார்க்கலாமே?

பாதி சரி. ஒன்று கட்டினால் அதையும் சேர்த்து இரண்டரை தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் கணக்கில் 40 சதவீதம் என்று அர்த்தம். ஆனால் முப்பது அணிகளுக்கும் இப்படிப் பார்த்துக் கூட்டினால் மொத்தம் 100-ஐ நன்றாகவே தாண்டும். அந்த அதிகப்படிதான் கடைக்காரனின் லாபம். அதனால் பார்க்கிற எண்ணைக் கொஞ்சம் குறைத்துத்தான் படிக்க வேண்டும். தவிர, ரசிகர்கள் கூட்டம் அதிகமுள்ள லேக்கர்ஸ் மாதிரி அணிகள் மீது ஆசையிலேயே நிறையப் பேர் பணம் கட்டுவார்கள், அவற்றின் விகிதம் தகுதிக்கு மேல் நன்றாகத் தெரியும்.

காசு பார்ப்பது? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் அதேதான், வேண்டாம்.

கேள்வி (ஈரோடு வாசகி): எப்போது பார்த்தாலும் ஆண்கள் லீக்தானா? பெண்கள் லீகில் இந்த மாதம்தானே ஃபைனல் முடிந்தது?

நியாயமான கோபம். சொல்லப்போனால் வாய்ப்பைக் கணிப்பது பற்றி இந்த வருடம் அருமையாகப் பாடம் நடத்தியது டபிள்யூ.என்.பி.ஏ.தான். ஆகஸ்ட் 2 அன்று லாஸ் வேகஸ் ஏசஸ், மினசோட்டா லிங்க்ஸிடம் 111-58 என்று, 53 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. 14 வெற்றி, 14 தோல்வி. அன்று என்னிடம் கேட்டிருந்தால் ஏசஸுக்கு இரண்டு மூன்று சதவீதம் கொடுத்திருப்பேன். அதன் பிறகு சீசன் முடியும் வரை அவர்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை, தொடர்ந்து 16 வெற்றி. ஏஜா வில்சன் நான்காவது முறையாகச் சிறந்த வீராங்கனை விருது வாங்கினார். பிளேஆஃபில் சியாட்டிலோடு கடைசி ஆட்டம் வரை, இண்டியானாவோடும் கடைசி ஆட்டம் வரை போராடி, ஃபைனலில் ஃபீனிக்ஸ் மெர்குரியை 4-0 என்று துடைத்தெடுத்தார்கள். 34 ஆட்டம் ஜெயித்து லீகின் உச்சியில் இருந்த லிங்க்ஸ், நஃபீசா கோலியரின் கணுக்கால் காயத்தோடு அரையிறுதியிலேயே வெளியே போனது.

இரண்டு சதவீதம் என்றால் நடக்காது என்று பொருள் இல்லை, இப்படிப்பட்ட ஐம்பது அணிகளில் ஒன்று இப்படிச் செய்யும் என்று பொருள். அந்த ஒன்றை நாம் பார்த்தோம். இன்னொன்று, அங்கே முதல் சுற்று மூன்று ஆட்டம், அரையிறுதி ஐந்து ஆட்டம் மட்டுமே. ஃபைனலை ஏழு ஆட்டமாக்கியதே இந்த வருடம்தான். தொடர் குட்டையாக இருந்தால் பெரிய அணி தடுக்கி விழுவது எளிது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இந்த வருடம் இல்லாவிட்டால் என்ன, தண்டர் இளைஞர் பட்டாளம்தானே, பத்து வருடம் ஆளுவார்கள் இல்லையா?

பத்து வருடமா! வீரர்கள் சம்மதித்தாலும் சம்பளக் கணக்கு சம்மதிக்காது. இந்தக் கோடையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் நான்கு வருடத்துக்கு 28.5 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென் இருவரும் ஐந்து வருடத்துக்குத் தலா 25 கோடி டாலரைத் தொடக்கூடிய அல்லது தாண்டக்கூடிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இருவரின் புதுச் சம்பளம் 2026-27-ல்தான் தொடங்குகிறது. அதாவது இந்த சீசனில் இருவரும் இன்னும் புதுமுகச் சம்பளத்தில் ஆடுகிறார்கள். இவ்வளவு நல்ல அணி இவ்வளவு மலிவாக இருக்கும் கடைசி வருடம் இது.

அதற்கு அப்புறம் "செகண்ட் ஏப்ரன்" என்கிற கோடு இருக்கிறது. லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் வந்தது. மொத்தச் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால், இரண்டு வீரர்களைச் சேர்த்துக் கொடுத்து ஒருவரை வாங்க முடியாது, வெளியிலிருந்து ஆள் எடுக்கும் சலுகைகள் போய்விடும், எதிர்காலத்தில் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உரிமையும் முடங்கும். பாஸ்டன் இந்தக் கோடையில் ஜுரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது இதனால்தான், கோப்பை வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தண்டரின் நிர்வாகி சாம் பிரெஸ்டி கெட்டிக்காரர். 2019-ல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கினார். அதில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். இன்னும் கைவசம் உரிமைகள் இருக்கின்றன, ஆகவே மற்றவர்களைவிடச் சமாளிப்பார். மூன்று நான்கு வருடம் முன்னணியில் இருப்பார்கள், அதற்குள் இன்னும் ஒன்றிரண்டு கோப்பை வந்தால் பெரிது.

கேள்வி (தஞ்சாவூர், பத்தாம் வகுப்பு மாணவன்): நான் விடியற்காலை எழுந்து பார்க்கத் தொடங்குவதற்கு முன், எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அனுமதிப்பார்களாம்.

அம்மா சொல்வது சரி தம்பி, ஜூன் வரை இது நீளும். 82 ஆட்டத்தையும் பார்க்கத் தேவையில்லை.

முதலில் ஜேலன் வில்லியம்ஸின் வலது மணிக்கட்டு. பிளேஆஃப் முழுவதும் கிழிந்த தசைநாரோடு ஆடியவர், அந்தக் கையோடே ஃபைனலின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார், ஜூலையில் அறுவை சிகிச்சை. அவர் பழைய மாதிரி எறிகிறாரா என்று பார். அப்புறம் டென்வரோடும், டுராண்ட் வந்து சேர்ந்திருக்கும் ஹூஸ்டனோடும், வெம்பன்யாமாவின் சான் அன்டோனியோவோடும் தண்டர் மோதும் ஆட்டங்கள், மற்றவற்றைத் தூங்கி எழுந்து ஸ்கோர் பார்த்தால் போதும். கிழக்கில் டேட்டமும் ஹாலிபர்டனும் காயத்தில் இருப்பதால் நிக்ஸ் அல்லது கிளீவ்லேண்ட் மேலே வரும் என்று நினைக்கிறேன், ஃபைனலில் தண்டருக்கு அது கொஞ்சம் ஆறுதல். ஆனால் மேற்கைத் தாண்டுவதுதான் பெரும் பாடு.

பிப்ரவரி பரிமாற்றக் கெடுவுக்குப் பிறகு இதே பகுதிக்கு மறுபடி எழுது. என் 35 அப்போது 45 ஆகியிருக்கலாம், 20 ஆகியிருக்கலாம். ஏப்ரலில் பிளேஆஃப் தொடங்கும்போது உனக்குப் பொதுத்தேர்வு முடிந்திருக்கும், அதன் பிறகு தினமும் பார்க்க அம்மாவிடம் நானே சிபாரிசு செய்கிறேன்.